ரெண்டாவது அம்பு: ஆபீஸ் வாழ்க்கைக்குள்ள புத்தரின் தியானம்

தியானம்னு சொன்னதும் நம்மில் பல பேருக்கு ஞாபகம் வர்றது ஒரு ஆப். ஹெட்போன்ல மழைச் சத்தம், பத்து நிமிஷ டைமர், முடிஞ்சதும் ஒரு மணி ஓசை. அதில் தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா பௌத்தத்தில் தியானம் சொல்லிக்கொடுக்கப்பட்டது ரிலாக்ஸ் ஆகிறதுக்காக மட்டும் இல்லை. இன்னைக்கு மீதியைப் பத்திப் பேசலாம்.

ரெண்டு அம்புகள்

பாலி மொழியில் இருக்கும் சம்யுத்த நிகாயம் என்ற தொகுப்பில் 'சல்லத்த சுத்தா'ன்னு ஒரு சின்ன உரை இருக்கு. அதுல புத்தர் சொல்ற உவமை இது. ஒருத்தர் மேல அம்பு பாயுது. வலிக்குது. பின்னாடியே இன்னொரு அம்பும் பாயுது. முதல் அம்பு உடம்போட வலி. ரெண்டாவது, அந்த வலியை வச்சு மனசு பண்ற புலம்பல். தியானத்தில் பழகினவருக்கும் முதல் அம்பு வலிக்கத்தான் செய்யும். ரெண்டாவது மட்டும் பாயாது.

நம்ம வாழ்க்கைக்கு இதைக் கொண்டுவருவோம். ராத்திரி பத்தரை மணி. மேனேஜர்கிட்ட இருந்து மெசேஜ்: 'நாளைக்குக் காலைல பேசணும்.' படிச்ச உடனே வயித்துல ஒரு இறுக்கம். அது முதல் அம்பு. அதுக்கப்புறம், 'என்ன தப்பு பண்ணேன்? வேலை போயிடுமா? இஎம்ஐ எப்படிக் கட்டறது?'ன்னு ரெண்டு மணி வரைக்கும் புரண்டு புரண்டு படுக்கிறோமே, அது முழுக்க ரெண்டாவது அம்பு. மெசேஜ்ல இருந்தது மூணே வார்த்தை. மீதி எல்லாம் நாமளே எழுதின கதை.

வேதனைன்னா வலி மட்டும் இல்லை

இந்த ரெண்டு அம்புக்கும் நடுவுல என்ன நடக்குது? பௌத்தம் இதை வரிசையாகச் சொல்லுது. முதல்ல தொடர்பு: கண்ணு ஒண்ணைப் பார்க்குது, காது ஒண்ணைக் கேட்குது. அடுத்தது 'வேதனா'. தமிழ்ல வேதனைன்னா துன்பம்தான். பாலியில் அப்படி இல்லை. இன்பமா, துன்பமா, ரெண்டும் இல்லாததா எந்த உணர்வு வந்தாலும் அது வேதனாதான். மூணாவதா வர்றது 'தண்ஹா', அதாவது வேட்கை. பிடிச்சிருந்தா இன்னும் வேணும், பிடிக்கலைன்னா உடனே போகணும்.

ரீல்ஸ் பார்க்கும்போது விரல் தானா மேல தள்ளுதே, அது இந்த வரிசை மின்னல் வேகத்துல ஓடுறதுதான். வேதனாவுக்கும் தண்ஹாவுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு. அதைக் கவனிக்கக் கத்துக்கிறதுதான் இந்தப் பயிற்சியோட மையம். உணர்வு வரும். அதை நிறுத்த முடியாது. ஆனா அது வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கலாம், அது தானா மாறுறதைப் பார்க்கலாம்.

தியானம் பண்ணின கணக்கு அதிகாரி

'இதெல்லாம் துறவிகளுக்குச் சரி, வேலைக்குப் போறவனுக்கு எப்படி?'ன்னு தோணலாம். அதுக்குப் பதில் பர்மாவில் இருக்கு. 1885-ல பிரிட்டிஷ்காரர்கள் மண்டலேயைப் பிடிச்சதும் மன்னராட்சி முடிஞ்சது. புத்த மதத்தைத் தாங்கிப் பிடிச்ச அரசர் இனி இல்லை. அந்தக் காலத்தில் லெடி சயாடோ என்ற துறவி, குடும்பத்தோட வாழ்ற சாதாரண மக்களுக்கும் தியானத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார். அவரோட மாணவர்களில் ஒருத்தர் சயா தெட்ஜி. அவர் ஒரு விவசாயி. அவர்கிட்ட 1937-ல கத்துக்கிட்டவர் ஊ பா கின்.

ஊ பா கின் கிளார்க்கா வேலையில சேர்ந்து, 1948-ல பர்மா சுதந்திரம் அடைஞ்சப்போ நாட்டின் தலைமைக் கணக்கு அதிகாரி ஆனவர். கோப்புகளுக்கு நடுவுலயே, தன் ஆபீஸ் ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். 1955-ல அவர்கிட்ட எஸ். என். கோயங்கா என்ற வியாபாரி வந்தார். கடுமையான ஒற்றைத் தலைவலி, எந்த மருந்தும் கேட்கலை. தலைவலிக்காக மட்டும்னா வர வேண்டாம்னு ஊ பா கின் சொல்லிட்டார். மனசைத் தூய்மைப்படுத்த வா, தலைவலி சரியானா அது கூடக் கிடைக்கிற பலன், அவ்வளவுதான் என்பது அவர் கருத்து. அந்தக் கோயங்காதான் 1969-ல இந்தியாவுக்கு வந்து பத்து நாள் விபாஸனா முகாம்களைப் பரப்பினவர்.

அந்த முகாமில் முதல்ல கேட்கிறது மூச்சுப் பயிற்சி கிடையாது, ஒழுக்கம். கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமைன்னு உறுதி எடுத்த பிறகுதான் மூச்சைக் கவனிக்க உட்கார வைப்பாங்க. பகல் பூரா பொய் சொல்லிட்டு சாயங்காலம் கண்ணை மூடினா, மனசு அந்தப் பொய்யைத்தான் சுத்திச் சுத்தி வரும். காரணம் அவ்வளவு எளிமையானது.

அப்போ முதல் அம்பு?

இங்க ஒரு எச்சரிக்கை. வாரத்துக்கு எழுபது மணி நேரம் வேலை வாங்கிட்டு, வெள்ளிக்கிழமை ஒரு தியான செஷன் நடத்துற கம்பெனிகள் இருக்கு. 'உன் டென்ஷன் உன் மனசுல இருக்கு'ன்னு அர்த்தம். இது புத்தர் சொன்னதைப் பாதியில நிறுத்துறது. அவர் சொன்ன இன்னொரு அம்புக் கதை மஜ்ஜிம நிகாயத்துல இருக்கு. விஷ அம்பு தைச்ச ஒருத்தன், 'எய்தவன் யார், என்ன ஊர்'னு தெரியாம அம்பை எடுக்க விடமாட்டேன்னு அடம் பிடிச்சா செத்தே போவான். முதல்ல அம்பைப் பிடுங்கணும். அதனால பிடுங்கக்கூடிய முதல் அம்பைப் பிடுங்குங்க. லீவு கேளுங்க, முடியாதுன்னு சொல்லுங்க, தேவைப்பட்டா வேற வேலை தேடுங்க. பொறுத்துக்கிட்டே இருக்கிறதுக்குப் பேர் தியானம் இல்லை. மனசு தெளிவா இருந்தாத்தான் எதைப் பொறுக்கணும், எதை மாத்தணும்னு தெரியும்.

இன்னொண்ணு: தீவிர மனச்சோர்வு, பதற்ற நோய் இருக்கிறவங்க நேரா பத்து நாள் மௌன முகாமுக்குப் போக வேண்டாம். முதல்ல டாக்டரைப் பாருங்க.

இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு முயற்சி பண்ணுங்க. போன்ல டிங்னு சத்தம் வந்ததும் எடுக்காதீங்க. மூணு மூச்சு விடுங்க. உடம்புல எங்க என்ன உணர்வு வருதுன்னு மட்டும் பாருங்க. அப்புறம் எடுத்துக்கலாம். என்ன கவனிச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.