சிறுத்தையும் கொழுந்துக் கூடையும்

நிலங்களின் கருப்பொருளை வகுத்த தொல்காப்பியர், விலங்கு, மரம், பறவை ஆகியவற்றைக் கூறியதோடு அமையவில்லை. அந்நிலத்து மாந்தரின் உணவையும் தொழிலையும் அவற்றோடு சேர்த்தே எண்ணினார். ஒன்றை விலக்கி மற்றொன்றைக் காத்தல் அரிது என்னும் உண்மை அவ்வகுப்பில் அடங்கியுள்ளது. ஈழத்து மலையகத்தின் காடுகளைக் காக்க முனைவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இன்று தேயிலை படர்ந்துள்ள நுவரெலியா, அட்டன் மலைச்சரிவுகள் முன்னாளில் அடர்வனங்களாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வனங்களை அழித்துக் கோப்பி நட்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தவே, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இத்தோட்டங்களை உருவாக்கிய உழைப்பிற் பெரும்பகுதி தமிழகத்தினின்றும் வந்த தொழிலாளருடையது, நிலமோ அவர்களுடையதாகவில்லை.

1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு அறிவுரைத்தார். மகாவலி முதலிய ஆறுகளுக்கு நீரூட்டும் அக்காடுகளில் எஞ்சியவற்றுள் ஹோட்டன் சமவெளியும் ஒன்று. அது 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டுடனும் நக்கிள்ஸ் காட்டுடனும் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது.

ஆனால் சிறுத்தை பூங்காவின் எல்லைக்கல்லை அறியாது. அஞ்சலி வொட்சன், அன்ட்ரூ கிட்டல் ஆகிய ஆய்வாளர்கள் தானியங்கி ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது, தேயிலைக்கு நடுவே முகடுகளிலும் ஓடையோரங்களிலும் எஞ்சிய சிறு காடுகளிலும் அது உலவுவது புலனாயிற்று. புலியும் சிங்கமும் இல்லாத இலங்கையில் சிறுத்தையே ஊனுண்ணிகளுள் தலையாயது. மரை, கேளையாடு, காட்டுப்பன்றி ஆகியவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்துவதும் அதுவே.

அப்பன்றிக்கென வைக்கும் கம்பிக் கண்ணியே சிறுத்தைக்கும் எமனாகின்றது. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிக்கு அருகே, லக்சபான தோட்டத்தில், அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியிற் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவம் செய்தும் சில நாட்களில் அது மாண்டது. சிறுத்தையைக் கொல்வது சட்டப்படி குற்றம். எனினும் சட்டம் இருந்தும் கண்ணிகள் ஏன் ஒழியவில்லை?

இறைச்சிக்காக வைப்போரும் உளர். ஆயினும் லயத்தின் பின்புறத்தே சிறு மரக்கறித் தோட்டம் வைத்துக் குறைகூலியை ஈடுசெய்யும் குடும்பத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓரிரவிற் பன்றி அதனை உழுதுவிட்டால் அவர்களுக்கு ஈடு தருவோர் யார்? விடியற்காலையில் கூடை சுமந்து தேயிலை நிரைக்குட் புகும் பெண்ணின் அச்சமும் பொய்யன்று. புதருள் மறைந்திருந்த சிறுத்தை தாக்கிக் கொழுந்து பறிப்போர் காயமுற்றதுண்டு.

ஆதலின் மருந்து ஒன்றன்று. தேயிலைக்கு உதவாத செங்குத்துச் சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் இம்மண்ணுக்குரிய மரங்களை நட்டு, சிதறிய காடுகளை இணைக்க வேண்டும். மரக்கறித் தோட்டங்களுக்குத் தோட்ட நிருவாகமே வேலியிட வேண்டும்; கண்ணிகளைத் தேடி அகற்றும் பணிக்குக் கூலி கொடுக்க வேண்டும். லயங்களைச் சுற்றிக் கழிவு குவியாவிடின் நாய்கள் பெருகா. நாயை நாடிச் சிறுத்தையும் வாராது. சிறுத்தையைக் கண்டால் கூட்டங்கூடி விரட்டாது, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கும் பழக்கத்தைப் பள்ளிகள் பயிற்றலாம்.

இவையனைத்தும் தொழிலாளியின் ஒத்துழைப்பின்றி நிறைவேறா. சிறுத்தைக்கு வழிவிடுமாறு அவனைக் கேட்கும் நாடு, அவன் வாழும் நிலத்தில் அவனுக்கும் உரிமை வழங்குதல் வேண்டும். தனதென்று சொல்ல ஒரு துண்டு நிலமும் இல்லாதவனிடம், காட்டைத் தனதென்று எண்ணிக் காக்கும்படி எவ்வாறு கேட்பது?