படிப்பு, வேலை, இதுக்குள்ள உடற்பயிற்சி எங்க?

"அக்கா, காலையில கொலிஜ், பின்னேரம் கடை, இரவில அசைன்மென்ட். இதுக்குள்ள எக்சர்சைஸ் எங்க செய்யிறது?" ஆலோசனைக்கு வருகிற மாணவர்கள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஊரில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனோம், பின்னேரம் வலைப்பந்தோ எல்லேயோ விளையாடினோம். (பி.ரி. பாடத்தைக் கணக்கு ரீச்சர் கடன் வாங்காத நாட்களில்!) இங்கே பிரித்தானியாவில் பஸ்ஸில் இருந்து, வகுப்பில் இருந்து, கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து நாள் முடிந்துவிடுகிறது.

இளம் வயதுதானே என்று விட்டுவிட ஏலாது. நீரிழிவு எங்களைப் போன்ற தெற்காசியர்களைக் கெதியாகப் பிடிக்கிறது. வெள்ளையருக்கு 40 வயதுக்கு மேல் கூடுகிற ஆபத்து, எங்களுக்கு 25 வயதிலேயே கூடத் தொடங்குகிறது. அம்மா அப்பாவுக்குச் சலரோகம் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடம் போதும் என்கிறது இங்குள்ள மருத்துவ வழிகாட்டல். அதைவிட இளையவர்களுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும்; கதைக்கலாம், ஆனால் பாட்டுப் பாட முடியாது. அதுதான் அளவு. முன்பு ஒரே தடவையில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2019இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும்.

இப்போது உங்கள் ரைம்டேபிளை எடுங்கள். புதிதாக ஒரு மணித்தியாலம் தேடாதீர்கள், அது கிடைக்காது. கொலிஜுக்கு இரண்டு தரிப்பு முன்னால் இறங்கி வேகமாக நடந்தால் பத்து நிமிடம், திரும்பி வரும்போதும் பத்து. மதிய இடைவேளையில் சாப்பிட்டபின் வெளியே இன்னொரு பத்து. கிழமையில் ஐந்து நாள் இப்படிச் செய்தால் 150 வந்துவிடும். மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் மதிய நடையை விடாதீர்கள். இருட்டில் தனியாக நடக்கப் பயப்படுகிற பெண்பிள்ளைகளுக்கும் அதுவே வசதி.

"கடையில எட்டு மணித்தியாலம் நிற்கிறனே, அது காணாதா?" என்பார்கள். நிற்பது களைப்புத்தான், ஆனால் நெஞ்சு வேகமாக அடிக்காது. பெட்டி தூக்கி அடுக்குவது வேறு, அது கணக்கில் வரும். கிழமையில் இரண்டு நாளாவது தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். பலர் சேர்ந்திருக்கிற வீட்டில் துள்ளினால் கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருங்கள், சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். சத்தமே வராது.

ஆனால் இரவு வேலை முடித்து வந்து, நித்திரையைக் குறைத்து ஓடப் போகாதீர்கள். அன்றைக்கு நித்திரைதான் முக்கியம்.

சனிக்கிழமை ஓய்வென்றால் பார்க்ரன் இருக்கிறது. இங்கிலாந்தில் காலை 9 மணிக்குப் பூங்காக்களில் 5 கிலோமீற்றர். காசு இல்லை. நடந்தும் முடிக்கலாம், கடைசி ஆளுக்குப் பின்னாலும் ஒரு தொண்டர் வருவார். இணையத்தில் ஒரு தடவை பதிந்தால் சரி.

உடம்பில் பழைய காயமோ ஷெல் துண்டோ உள்ளவர்கள், நடக்கையில் நெஞ்சு நோகிறவர்கள் முதலில் ஜி.பி.யிடம் சொல்லுங்கள். அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களும் ஜி.பி.யிடம் இலவசமாகப் பதியலாம். விசாக் கடிதமோ விலாச அத்தாட்சியோ கட்டாயமில்லை.

ஜிம்மில் சேருவதென்றால் கையெழுத்துப் போடமுன் ஒன்று கேளுங்கள்: மாதாமாதம் நிற்பாட்டலாமா, ஒரு வருட ஒப்பந்தமா? வருட ஒப்பந்தத்தில் வங்கியில் டைரக்ட் டெபிட்டை மட்டும் வெட்டினால் கடன் நிற்காது. கடன் அறவிடும் கம்பனியிடமிருந்து கடிதம் வரலாம். கவுன்சில் உடற்பயிற்சி நிலையங்கள் பலவற்றில் மாணவருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணக் குறைப்பு உண்டு, முதலில் அங்கே விசாரியுங்கள். அப்படியான கடிதம் ஏற்கனவே வந்திருந்தால் மெத்தைக்குக் கீழே வைக்காமல், ஒப்பந்தத்தையும் சேர்த்து எங்களிடம் கொண்டுவாருங்கள்.