லோ, ஃபுல், இர்

பாதி இறங்கிய கதவுக்கு அடியில் ஒரு மம்மி. பட்டனை அழுத்தினேன். கதவு அதன் தலையில் 'டங்'கென்று மோதி, மேலே எகிறி, மறுபடி மோதியது. நான் வாளை எடுக்கவே இல்லை. 'டன்ஜன் மாஸ்டர்' ஆடியவர்களில் இந்தத் தந்திரத்தைத் தானே கண்டுபிடித்ததாக நினைக்காதவர் குறைவு.

சான் டியேகோவின் எஃப்டிஎல் கேம்ஸ், அட்டாரி எஸ்டி கணினிக்காக 1987 டிசம்பரில் வெளியிட்ட விளையாட்டு. அன்று ஒரே ஃப்ளாப்பியில் வந்தது, இன்று என் மடிக்கணினியில் எமுலேட்டரில் ஓடுகிறது. 24 கண்ணாடிகளில் 24 வீரர்கள் உறைந்திருப்பார்கள், நால்வரைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படியே உயிர்ப்பிக்கலாம். அல்லது கற்ற வித்தைகளை மறக்கடித்து, புதுப் பெயர் சூட்டி, மறுபிறவி கொடுக்கலாம்.

1981-இல் வந்த 'விசார்ட்ரி'யிலும் இருண்ட நிலவறைதான். ஆனால் அங்கே நம் முறை வரும்வரை பேய்கள் பொறுமையாக நிற்கும். நடுவில் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். இங்கே யாரும் காத்திருப்பதில்லை. மூட்டைக்குள் ஆப்பிள் தேடும்போதே முதுகில் அடி விழும். பந்தம் மங்கும், பசிக்கும், தாகம் எடுக்கும். வீரிட்டு அலறும் காளான் ஜந்துகளை வெட்டி, அந்தத் துண்டுகளையே தின்றாக வேண்டும்.

மந்திரம்தான் இதன் உச்சம். அதற்குப் பட்டியல் கிடையாது. திரையோரக் குறிகளை மவுஸால் ஒவ்வொன்றாகத் தொட்டு எழுத்துக் கூட்ட வேண்டும். லோ போன்ற முதல் குறி வலிமைக்கு, பின்னால் வருபவை வேலைக்கு. ஃபுல் என்றால் வெளிச்சம். அதோடு இர் சேர்ந்தால் தீப்பந்து. பதற்றத்தில் குறி மாறிவிட்டால், மந்திரவாதி பொருளில்லாமல் முணுமுணுத்ததாக ஒரு வரி வரும். செலவான சக்தி போனதுதான். சரியாகக் கூட்டினாலும் கற்றுக்குட்டிக்குப் பலிக்காது, இன்னும் பயிற்சி வேண்டும் என்று சொல்லிவிடும். ஆனால் அந்தச் சொல் வீரனின் தலையில் இல்லை, நம் தலையில் இருக்கிறது. பல வருடம் கழித்துத் திறந்தேன். கதை பாதி மறந்திருந்தது, லோ, ஃபுல், இர் மட்டும் விரலில் அப்படியே இருந்தது.

திருட்டு நகலைத் தடுக்கவும் இதே குறும்புப் புத்திதான். ஃப்ளாப்பியில் சில பிட்டுகளை வேண்டுமென்றே தெளிவில்லாமல் பதித்தார்கள். அசல் தட்டில் படிக்கும்தோறும் அவை வேறுவேறு மதிப்பைத் தரும். நகலில் ஒரே மதிப்புதான் திரும்பத் திரும்ப வரும், குட்டு உடைந்துவிடும்.

குறையும் உண்டு. சுவரில் கடுகளவு பொத்தானைத் தேடி அலைய வைப்பது அன்றும் சலிப்பு, இன்றும் சலிப்பு. வரைபடம் கிடையாது, கட்டம் போட்ட தாளும் பென்சிலும் நம் பொறுப்பு. 2012-இல் பின்லாந்திலிருந்து வந்த 'லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்' இந்த வடிவத்தை அழகாக மீட்டது. வரைபடமும் தானே வரைந்து கொடுத்தது. எனக்கென்னவோ பென்சில்தான் பிடிக்கிறது.

நாற்பது வயதை நெருங்கும் விளையாட்டின் முடிவைச் சொன்னால் பாவமில்லை. தீக்கோலைக் கொண்டுவா என்று நம்மை அனுப்பிய பெரியவரிடமே அதை நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் கையாலேயே சாவோம். இது தெரிந்தும் இறங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது நான்காவது தளம். தண்ணீர்த் தோல்பை காலி, பக்கத்தில் எங்கோ ஒரு கதவு ஏறி இறங்கும் சத்தம். அதை அழுத்தியது நானில்லை.