நிறம் வராவிட்டால் நல்ல செய்தி

“ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டாயிற்று. ஆட்டுக்கு அது பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று அறந்தாங்கிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டதே 1987-இல், விழுப்புரம் பக்கம் அரசூரில்தான்.

விடை, போட்டி எலைசா என்ற சோதனையில் இருக்கிறது. 96 குழிகள் கொண்ட சின்ன பிளாஸ்டிக் தட்டு. குழிகளின் அடியில் வைரஸின் புரதம் ஒட்டியிருக்கும். ஆட்டின் சீரத்தையும், ஆய்வகத்தில் எலிச் செல்களிலிருந்து எடுத்த, அதே புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருளையும் அதில் விடுவார்கள். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற கதைதான். ஆட்டின் எதிர்ப்பொருள் இடம்பிடித்துவிட்டால், எலியுடையது கழுவும்போது போய்விடும். நிறம் காட்டுவது எலியுடையது மட்டும் என்பதால், நிறம் வராத குழியைப் பார்த்தால் சந்தோஷப்படலாம். முக்தேஸ்வரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான கிட்டை இங்கேயே உருவாக்கியிருக்கிறது. ஆனால் அந்த எதிர்ப்பு ஊசியால் வந்ததா, நோய் வந்து பிழைத்ததால் வந்ததா என்று இது சொல்லாது.

எனக்கு இதில் பிடித்த வேடிக்கை வேறு. எலி எதிர்ப்பொருளைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் மருந்துகள் எந்த உயிரியல் ஆய்வகக் குளிர்பெட்டியிலும் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஆட்டு ரத்தத்திலிருந்து வருபவை. எலிப்புரதத்தை ஆட்டுக்கு ஊசியாகப் போட்டு, எதிர்ப்பொருள் ஊறியதும் அவ்வப்போது ரத்தம் எடுக்கிறார்கள். சாதுவான பிராணி, ரத்தமும் தாராளம். மனிதப் புற்றுநோயை ஆராய்கிறவருக்குக்கூட ஆட்டின் தயவு வேண்டும். அதே ஆட்டின் எதிர்ப்பொருளைத் தேட வேண்டுமென்றால்? ஆடு தன் புரதத்தையே எதிர்க்காதே! அதற்குக் கழுதையிடமோ முயலிடமோ போகிறார்கள்.

எதிர்ப்பொருளை விட்டு, ஆட்டின் நோயெதிர்ப்புச் செல்களை ஆராயப் போனால் பாடு இன்னும் அதிகம். ஆட்டுக்குட்டியின் ரத்தத்தில் காமா-டெல்டா டி செல்கள் என்ற வகை மனித ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. மனிதச் செல்களை அடையாளம் காணச் செய்த எதிர்ப்பொருள்கள் இங்கே பெரும்பாலும் ஒத்துவராது. மாட்டுக்கும் செம்மறிக்கும் செய்தவற்றைப் போட்டு, ஒட்டுகிறதா என்று பார்ப்பதே வழக்கம். 2013-இலேயே வெள்ளாட்டின் மரபணுத்தொகுதி வெளிவந்துவிட்டது. பிறகும் இரவல் வாங்கிக் காலம் தள்ளுவது, ஏழையின் பசு என்று நாம் கொஞ்சும் பிராணிக்கு நியாயமா?

வாசகருக்கு ஒரு வார்த்தை: மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிகளுக்கு அவசரப்பட்டு ஊசி போட வேண்டாம். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள், ஊசி மருந்திலுள்ள வைரஸைச் செயலிழக்கச் செய்துவிடும்.