நிறுவும்போதே கைவிடப்படும் மென்பொருள்

ஆய்வேட்டையோ பாடநூலையோ செம்மையாக அச்சுக்கோர்க்க விரும்புவோருக்கு "டெக்" என்னும் மென்பொருளே பெரிதும் பரிந்துரைக்கப்படுகின்றது. அதற்குக் கட்டணம் கிடையாது. கணிதச் சமன்பாடுகளை அமைப்பதில் அதற்கு நிகரானவை அரிது. எனினும், அதனை நிறுவ முற்பட்டு முதல் நாளிலேயே கைவிட்டோர் பலர் என்பதை நாம் அறிவோம்.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், தமது நூலொன்றின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகளின் தரத்தில் அதிருப்தியுற்று 1977ஆம் ஆண்டு இதனை வடிவமைக்கத் தொடங்கினார். பின்னர், 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் "லாடெக்" என்ற எளிய கட்டளைத் தொகுதியை உருவாக்கினார்.

டெக் தனித்து இயங்கும் நிரலன்று. எழுத்துருக்கள், வரியிறுதியில் சொற்களைப் பிரிக்கும் விதிகள், பலரும் எழுதிச் சேர்த்த ஆயிரக்கணக்கான துணைப்பொதிகள் ஆகியன அதற்குத் தேவை. அவை ஒவ்வொன்றும் நிரல் தேடுகின்ற கோப்புறையிலேயே இருத்தல் வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் கோப்பைக் காணவில்லை என்ற அறிவித்தலுடன் வேலை நின்றுவிடும். தவறு தம்முடையதே எனப் பயனர் கருதிக்கொள்வதுதான் இதிலுள்ள அவலம்.

இவற்றையெல்லாம் திரட்டி 1996இல் இறுவட்டாக வெளிவந்தது "டெக் லைவ்". இன்று இணையத்தில் கிடைக்கும் அதன் முழுத்தொகுப்பு பல கிகாபைட் அளவுடையது. ஆனால், ஒருமுறை நிறுவினால் போதுமானது. "மிக்டெக்" சிறிதாகத் தொடங்கி, தேவைப்படும் பொதியை அவ்வப்போது இணையத்திலிருந்து தானே பெற்றுக்கொள்ளும். இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களில் முன்னையதே உகந்தது என்பது எமது அபிப்பிராயம். மக் கணினிகளுக்கான "மக்டெக்", எழுதுவதற்கான செயலியையும் சேர்த்தே தருகின்றது. இப்பொதிகளைத் தயாரித்துப் பராமரிப்போரில் பெரும்பாலானோர் தொண்டர்களே. மென்பொருளை ஆக்கியோருக்குக் கிடைத்த புகழ் இவர்களுக்குக் கிட்டவில்லை.

தமிழைப் பொறுத்தவரை, ஒருகாலத்தில் ரோமன் எழுத்தில் தட்டச்சிட்டு இன்னொரு நிரலால் மாற்றவேண்டியிருந்தது. 2004இல் ஜொனாதன் கியூ வெளியிட்ட "ஸீடெக்" யூனிகோட் எழுத்துகளை நேரடியாக ஏற்றது. கொம்பும் அரவும் உரிய இடத்தில் அமைந்தன. வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு வசனத்தையும் அதற்கான தமிழ் விளக்கத்தையும் ஒரே பக்கத்தில் அமைக்கவும் வழி பிறந்தது. 2007இல் அது டெக் லைவ்விலும் சேர்க்கப்பட்டது.

ஆயினும், ஒரு தடை எஞ்சியுள்ளது. இயல்பாக அமையும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. வேறு எழுத்துருவைப் பெயர் குறிப்பிட்டுக் கேட்காதவருக்கு, தாம் தட்டச்சிட்ட தமிழ்ப் பந்தி வெறுமையாகவே வெளிவரும். இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. எழுத்துருக்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்ட மாதிரிக் கோப்பு ஒன்றும், தமிழில் எழுதிய நான்கு பக்க வழிகாட்டியும் போதும். எமது பல்கலைக்கழகங்களின் கணினித் துறை மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் செய்து முடிக்கக்கூடிய பணி இது.