மாமாவின் டிஸ்ப்ளே

கிள்ளானில் மாமா வீட்டுப் பின்பால் மெஷின், 1979இல் சிகாகோவில் செய்தது. நான்கு ஆட்டக்காரர்களுக்கும் தனித்தனி டிஸ்ப்ளே. மாமா எப்போதும் இரண்டாவது ஆள், அதுதான் இருண்டுபோனது. அத்தையோ பழைய இரும்புக்காரரைக் கூப்பிடத் தயாராக இருந்தார்.

"ஒரு மணி நேரம் கொடு" என்றார் மாமா.

இந்த டிஸ்ப்ளேயில் ஓடுவது ஏறத்தாழ 170 முதல் 190 வோல்ட். பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிட்டதா என்று மீட்டரில் பார்த்த பிறகே கைவைத்தோம். (அப்படியும் என் கை நடுங்கியது. வானொலியில் இதைச் சொல்ல மாட்டேன்.)

முதல் போர்டையும் இரண்டாவதையும் இடம் மாற்றினோம். நான்கும் ஒரே மாதிரிதான். இருட்டும் போர்டோடு முதல் இடத்துக்குப் போனால் கோளாறு போர்டில். இரண்டாம் இடத்திலேயே நின்றால் வயரிலோ, எல்லாவற்றையும் இயக்கும் பெரிய போர்டிலோ.

போர்டோடு போனது. மறுபடி மின்சாரத்தை நிறுத்திக் கழற்றினோம். பூதக்கண்ணாடியில் பார்த்தால், கனெக்டர் ஊசியைச் சுற்றி சோல்டரில் முடி போல ஒரு வட்ட விரிசல். நாற்பது வருட அதிர்வு! மாமா பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்.

ஆரஞ்சு நிறத்தில் எண்கள் எரிந்தன. எட்டிப் பார்த்த அத்தை, "அடுத்த ஆட்டம் யாரு?" என்றார்.