பித்தளையில் ஒரு ஒய்பி

பிளாஸ்டிக்கிலேயே அச்சு அசலான குட்டி ரயில்கள் கிடைக்கும்போது, பித்தளை எஞ்சினுக்கு ஏன் அவ்வளவு விலை என்று மதுரை காளவாசல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் வீட்டுப் பக்கம் போகும் போடி லைனில் 2010 கடைசி வரை ஓடியது மீட்டர்கேஜ். பதில் அங்கேதான் இருக்கிறது.

மீட்டர்கேஜில் பயணி வண்டிகளை இழுத்த ஒய்பி வகை நீராவி எஞ்சின்கள் மொத்தம் 871. இதன் மாதிரியைப் பிளாஸ்டிக்கில் வார்க்க எஃகு அச்சு வெட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் அந்தச் செலவு கட்டும். பித்தளைக்கு அது வேண்டாம். தகட்டில் படத்தைப் பதித்து, ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுத்து, மடித்துப் பற்றவைத்தால் உடல் தயார். பத்தே எஞ்சின் என்றாலும் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றும் கைவேலை, விலை அதற்குத்தான். 1950களில் அமெரிக்க ரசிகர்களுக்காக ஜப்பானின் சிறு பட்டறைகள் இப்படித்தான் செய்துகொடுத்தன. மணி, பம்பு போன்ற நுணுக்கங்களை வார்க்க மெழுகுக் கரு. சுவாமிமலை சிற்பிகள் சிலை வார்க்கும் அதே முறை.

பித்தளையின் கனத்தால் சக்கரம் வழுக்காமல் இழுக்கும் என்பதும் உண்மை. ஆனால் என்னைக் கட்டிப்போடுவது அந்தப் பற்றவைப்புதான். வழக்கமான ஈயப்பற்று 180 டிகிரிக்கு மேல் உருகும். பிஸ்மத் கலந்த ஒரு வகை 70 டிகிரியிலேயே உருகிவிடும். முதல் வகையில் உடலைச் சேர்த்து, இரண்டாவதில் சிறு உறுப்புகளை ஒட்டியிருந்தால், கொதிநீரில் போட்டதும் உறுப்புகள் மட்டும் கழன்று வரும், உடல் அப்படியே நிற்கும். நாற்பது வருடம் கழித்தும் பிரித்துத் திருத்தலாம். எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவும் அப்படித்தான், நசுங்கினால் தட்டி நிமிர்த்திவிடுவார்கள்.

வாங்கியவர்களோ பெட்டியைத் திறப்பதே இல்லை. உள்ளே வைத்த நுரைப்பஞ்சு மக்கி, மேற்பூச்சைத் தின்றுவிடுகிறது. எஞ்சினை எடுத்து ஓட்டுங்கள், இல்லையென்றால் பஞ்சையாவது மாற்றுங்கள்.

தெற்காவணி மூல வீதியில் நகை பற்றவைக்கும் கைகளுக்கு இந்த வேலை கடினமே அல்ல. இல்லாதது அளவுகள். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் வீட்டுப் பரணில் பழைய வரைபடம் இருந்தால், பேப்பர் கடைக்குப் போடாமல் ஒரு நகலாவது எடுத்து வையுங்கள். 87ல் ஒரு பங்காகச் சுருக்கினால் மீட்டர்கேஜ் 11.5 மில்லிமீட்டர், ஐரோப்பிய மலை ரயில் மாதிரிகளுக்கான 12 மில்லிமீட்டர் தண்டவாளமே போதும். எடுத்த எடுப்பில் எஞ்சின் வேண்டாம். மோட்டார் இல்லாத கார்டு பெட்டியிலிருந்து தொடங்குங்கள்.